எண்ணெய் தீர்ந்த பிறகும் பணம் இருக்க வேண்டும்: எதிர்காலத் தலைமுறை நிதியம் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோலாலம்பூருக்குத் தெற்கே, ஸ்ரீ கெம்பாங்கானில் 'தி மைன்ஸ்' வளாகத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருக்கிறது. சுற்றிலும் ஹோட்டல், கோல்ஃப் திடல், பங்களா வீடுகள். அது மழைநீர் நிரம்பிய பழைய ஈயச் சுரங்கம். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. சன்வே நகரமும் கைவிட்ட ஈய லம்பத்தின், அதாவது சுரங்கத்தின், மேல் எழுந்ததுதான். கோலாலம்பூரே 1857-ல் அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் புறப்பட்டவர்களால் உருவான ஊர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடத்துக்கு மேல் படகு போக முடியாததால் அங்கே இறங்கினார்கள், கடை போட்டார்கள், ஊர் வளர்ந்தது.

பல பத்தாண்டுகள் உலகிலேயே அதிகமாக ஈயம் எடுத்த நாடு நம்முடையது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் காசு தீர்ந்துபோனது. விலையைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் லண்டன் சந்தையில் ஈய வணிகமே நின்றது. அதற்குப் பிறகு இங்கே சுரங்கங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மூடின. நூறு வருஷத்துக்கு மேல் தோண்டி விற்ற அந்த ஈயத்தின் பணம் இப்போது எங்கே? கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிறது. 1886-ல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த ரயில் பாதை ஈயத்தை ஏற்றுமதி செய்யத்தான் போடப்பட்டது. ஈயத்தின் மீது விதித்த வரி அரசாங்கத்துக்குப் பெரிய வருமானமாக இருந்தது. நம் முன்னோர் பலர் வியர்வை சிந்தியது அந்த ரயில்வேயில்தான். மிச்சத்தில் பெரும்பகுதி சுரங்க முதலாளிகளுக்கும் பிரிட்டிஷ் கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கும் போனது, அரசாங்கத்தின் கைக்கு வந்தது வந்த வேகத்தில் செலவானது. ஈயப் பணத்தில் வளர்ந்து, இன்றைக்கும் நாட்டுக்கு வருமானம் தரும் ஒரு நிதியம் என்று காட்ட நம்மிடம் எதுவும் இல்லை.

எண்ணெய் விஷயத்திலும் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கும் நாள் வரும். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உலகில் பல நாடுகள் இயற்கை வள வருமானத்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, பொது நிதியத்தில் போட்டு வளர்க்கின்றன. அந்த நிதியம் என்றால் என்ன, எப்படி வேலை செய்கிறது, எங்கே கெட்டுப்போகிறது, நம் நாட்டில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம்.

இது வருமானமா, சொத்தை விற்ற காசா?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஒரு தொழிற்சாலை இந்த வருஷம் பொருள் செய்து விற்றால் அடுத்த வருஷமும் செய்து விற்கலாம். அது வருமானம். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான எண்ணெயை ஒரு பீப்பாய் எடுத்து விற்றால், அந்தப் பீப்பாய் இனி இல்லை. கையில் காசு வந்திருக்கிறது, சொத்து குறைந்திருக்கிறது. அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது சம்பளத்தைப் போல 'வரவு' என்ற பக்கத்தில் ஏறிவிடுகிறது. நாடு பணக்கார நாடு ஆனதுபோல் தெரிகிறது.

ஜான் ஹார்ட்விக் என்ற கனடா நாட்டுப் பொருளியல் அறிஞர் 1977-ல் இதற்கு ஒரு விதி சொன்னார். தீர்ந்துபோகும் வளத்தை விற்றுக் கிடைக்கும் உபரியை முழுவதும் வேறு சொத்தாக மாற்றிவிட்டால், வளம் தீர்ந்த பிறகும் மக்களின் வாழ்க்கைத் தரம் குறைய வேண்டியதில்லை. அந்தச் சொத்து ரயில் பாதையாக இருக்கலாம், பள்ளிக்கூடமாக இருக்கலாம், வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்குகளாகவும் இருக்கலாம். மண்ணுக்கு அடியில் இருந்தது மண்ணுக்கு மேல் வேறு உருவத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் வேலை பார்க்கும் யாருக்கும் இதைப் புரிய வைப்பது கஷ்டம் இல்லை, ஏனென்றால் எல்லாரிடமும் இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, இருக்கிறது. மாதச் சம்பளத்தில் 11 விழுக்காடு நம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுகிறது, முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார். ஏன்? உடம்பில் வலு என்றைக்கும் இருக்காது, உழைக்க முடிகிற காலத்தில் சேர்த்தால்தான் முடியாத காலத்தில் சாப்பிட முடியும். எதிர்காலத் தலைமுறை நிதியம் என்பது நாட்டின் இபிஎஃப். இபிஎஃப்பின் பலம் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 'முடிந்தால் சேமியுங்கள்' என்று அது யாரையும் கேட்பதில்லை, சட்டம் பிடித்துக்கொள்கிறது. கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் கோவிட் காலத்தில் பார்த்தோம். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, அப்புறம் 2022-ல் 10,000 வெள்ளி (ரிங்கிட்) சிறப்பு மீட்பு என்று மொத்தம் 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. அவசரத்தில் எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பலருடைய கணக்கில் இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்பது அவரவருக்குத் தெரியும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனை நாடு. எண்ணெயில் வருஷத்துக்கு 100 வெள்ளி கிடைக்கிறது. 20 வருஷத்தில் எண்ணெய் தீர்ந்துவிடும். வருகிற 100-ஐயும் அந்தந்த வருஷமே செலவு செய்தால் 20 வருஷம் 100, அதற்குப் பிறகு பூஜ்யம்.

சரி, பாதியைச் சேமித்தால்? வருஷத்துக்கு 50 வெள்ளி நிதியத்துக்குப் போகிறது. விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு நிதியம் 4 விழுக்காடு சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வருஷ முடிவில் அங்கே ஏறக்குறைய 1,490 வெள்ளி இருக்கும். அதில் 4 விழுக்காடு, அதாவது கிட்டத்தட்ட 60 வெள்ளியை, ஒவ்வொரு வருஷமும் எடுத்துக்கொண்டே இருக்கலாம். அசல் குறையாது. எண்ணெய் இருந்த காலத்தில் 50 வெள்ளி செலவு செய்த நாடு, எண்ணெய் தீர்ந்த பிறகு 60 வெள்ளி செலவு செய்கிறது. அதுவும் காலாகாலத்துக்கும். அசலைத் தொடாமல் ஈட்டியதை மட்டும் எடுப்பது என்ற விதி இருக்கும்வரை இந்தக் கணக்கு நிற்கும். விதி உடைந்தால் கணக்கும் உடையும்.

நம் எண்ணெய்ப் பணம் எந்த வழியாகப் போகிறது?

மலேசியாவில் முதல் எண்ணெய்க் கிணறு 1910-ல் சரவாக்கில் மிரி நகரின் குன்றில் தோண்டப்பட்டது. 1974-ல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17-ல் அரசாங்கத்தின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் பிறந்தது. நாட்டின் எண்ணெய், எரிவாயு அத்தனைக்கும் உரிமை பெட்ரோனாஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நிறுவனம் பிரதமரின் கட்டுப்பாட்டிலும் வழிகாட்டலிலும் இயங்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

கடலில் இருந்து ஒரு பீப்பாய் மேலே வருகிறது என்று வையுங்கள். அதன் மதிப்பில் 10 விழுக்காடு முதலிலேயே கழிகிறது: 5 விழுக்காடு மத்திய அரசாங்கத்துக்கு, 5 விழுக்காடு எண்ணெய் எடுக்கப்படும் மாநிலத்துக்கு. திரெங்கானு, சபா, சரவாக் எல்லாம் ராயல்டி என்று போராடுவது இந்தப் பங்கைப் பற்றித்தான். அடுத்து, எண்ணெய் எடுக்கும் நிறுவனம் தன் செலவைக் கழித்துக்கொள்கிறது. மிஞ்சும் லாபத்தை ஒப்பந்தப்படி அந்த நிறுவனமும் பெட்ரோனாஸும் பிரித்துக்கொள்கின்றன. அந்த லாபத்தின் மீது 38 விழுக்காடு பெட்ரோலிய வருமான வரி. இதெல்லாம் போக, பெட்ரோனாஸின் பங்குதாரர் என்ற முறையில் மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் லாப ஈவு வாங்குகிறது. அது சின்னத் தொகை இல்லை. 2019-ல் சிறப்பு ஈவையும் சேர்த்து 5,400 கோடி வெள்ளி. 2022-ல் 5,000 கோடி, 2023-ல் 4,000 கோடி, 2024-ல் 3,200 கோடி.

1974 முதல் பெட்ரோனாஸ் அரசாங்கங்களுக்குக் கொடுத்தது ஒரு லட்சம் கோடி வெள்ளிக்கும் மேல். 2009 வாக்கில் மத்திய அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய் சார்ந்தது. இப்போது அந்தப் பங்கு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க ஓர் இடம் நம்மிடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் கும்புலான் வாங் அமானா நெகாரா, சுருக்கமாகக் குவான். தீர்ந்துபோகும் வளத்தின் பலன் அடுத்த தலைமுறைகளுக்கும் போக வேண்டும் என்று 1988-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய நிதியம். நிர்வகிப்பது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா. நார்வே தன் நிதியத்துக்குச் சட்டம் இயற்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நம்மிடம் சட்டம் இருந்தது!

அப்புறம் ஏன் அது வளரவில்லை? சட்டத்தில் நோக்கம் இருக்கிறது, கட்டாயம் இல்லை. யார், எவ்வளவு, எப்போது போட வேண்டும் என்ற கணக்கு அதில் கிடையாது. பெட்ரோனாஸ் மனமுவந்து போட்ட தொகைதான் அதன் பெரும்பகுதி. 2021 தொடக்கத்தில் அதன் மதிப்பு 2,000 கோடி வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் வந்த ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட பணத்தோடு ஒப்பிட்டால் நூறு வெள்ளியில் இரண்டு வெள்ளிகூடத் தேறாது. அதிலும் முதலீடு ஈட்டியது கலந்திருக்கிறது.

அதே 2021 ஏப்ரலில், அவசரகாலப் பிரகடனம் நடப்பில் இருந்து நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் குவானின் விதியை மாற்றினார்கள். தொற்று நோய்த் தடுப்பூசிக்கும் அதை எடுக்கலாம் என்று ஆனது. 500 கோடி வெள்ளி எடுக்கப்பட்டது. தடுப்பூசி உயிர் காத்தது, அந்தச் செலவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்த பணத்தில் கால் பங்கை எடுக்க ஒரு விவாதம்கூட வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நார்வே என்ன செய்தது?

இந்தப் பேச்சில் நார்வேயைத் தொடாமல் போக முடியாது. 1969 கடைசியில் வட கடலில் எக்கோஃபிஸ்க் என்ற பெரிய எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. 1971-ல் எண்ணெய் வரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் நார்வே அரசாங்கத்தில் எண்ணெயைப் பற்றி அறிந்தவர்கள் மிகக் குறைவு. அப்போது பாஸ்ராவில் பிறந்த ஃபரூக் அல்-காசிம் என்ற ஈராக்கியர், தன் மகனின் சிகிச்சைக்காக நார்வேக்காரரான மனைவியோடு அங்கே குடியேற 1968-ல் வந்து சேர்ந்திருந்தார். எண்ணெய்த் துறையில் அனுபவம் உள்ள புவியியலாளர். வேலை கேட்டு அமைச்சின் வாசலுக்குப் போனவரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கம்பெனி வேறு, அதைக் கண்காணிக்கும் அமைப்பு வேறு, கொள்கை வகுக்கும் அமைச்சு வேறு என்று நார்வே பிரித்து வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஈராக்கின் எண்ணெய் ஈராக் மக்களுக்கு என்ன கொடுத்தது என்று நேரில் பார்த்தவர் சொன்ன யோசனை ஒரு குளிர்நாட்டைக் காப்பாற்றியது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

நிதியத்துக்கான சட்டம் 1990-ல் வந்தது, முதல் பணம் 1996-ல்தான் போடப்பட்டது. எண்ணெய் வந்து 25 வருஷம் கழித்து! அதுவரை அந்த வருமானம் நாட்டைக் கட்டுவதற்கும் கடனுக்கும் போனது. முதல் நாளிலேயே சேமிக்கத் தொடங்கினால்தான் உண்டு என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவர்களின் ஏற்பாடு எளிது. எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் 78 விழுக்காடு வரியாகப் போகிறது. எண்ணெயில் அரசாங்கத்துக்கு வரும் நிகர வருமானம் முழுவதும் நிதியத்துக்குள் போய்விடும். பட்ஜெட்டில் பற்றாக்குறை வந்தால் நிதியத்தில் இருந்து எடுக்கலாம், ஆனால் நீண்ட கால நோக்கில் நிதியம் ஈட்டும் என்று எதிர்பார்க்கும் அளவுக்குத்தான். 2001-ல் அந்த அளவை 4 விழுக்காடு என்று வைத்தார்கள். 2017-ல் 3 ஆகக் குறைத்தார்கள். பணம் முழுவதும் வெளிநாடுகளில் முதலீடு செய்யப்படுகிறது. இன்றைக்கு உலகப் பங்குச் சந்தைகளில் இருக்கும் மொத்தப் பங்குகளில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு அந்த நிதியத்தின் கையில். மதிப்பு 20 லட்சம் கோடி குரோனரை எட்டிவிட்டது. நார்வேயின் மக்கள்தொகை 56 லட்சம்தான். தலைக்குக் கணக்குப் பார்த்தால் நம் வெள்ளியில் பத்து லட்சத்துக்கும் மேல் வரும். அந்தத் தொகையில் பாதிக்கு மேல் எண்ணெயில் நேரடியாக வந்தது இல்லை, முதலீடு ஈட்டிக் கொடுத்தது.

எந்தெந்தக் கம்பெனியில் எவ்வளவு பங்கு என்பதை எல்லாரும் பார்க்கும்படி அவர்கள் வெளியிடுகிறார்கள். நிதியத்தின் மதிப்பு இணையத்தில் நொடிக்கு நொடி மாறுவதை நாமும் இங்கே உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம்.

ஏன் வெளிநாட்டில் போட வேண்டும்?

'நம் பணத்தை நம் நாட்டிலேயே போடாமல் ஏன் அமெரிக்கக் கம்பெனியில் போட வேண்டும்?' என்று கேட்பது நியாயம். 1959-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் பிரமாண்டமான எரிவாயு வளம் கிடைத்தது. எரிவாயுவை விற்று வெளிநாட்டுப் பணம் உள்ளே கொட்டியது, அவர்களின் நாணயத்தின் மதிப்பு ஏறியது. நாணயம் ஏறியதும் அந்த நாட்டுத் தொழிற்சாலைப் பொருள்கள் வெளிநாட்டில் விலை கூடிப்போயின, வாங்குபவர்கள் வேறு நாட்டுக்குப் போனார்கள். புதையல் கிடைத்த நாட்டில் தொழிற்சாலைகள் நலிந்தன. இதை 'டச்சு நோய்' என்று பொருளியலில் சொல்கிறார்கள்.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972 முதல் ஏற்றுமதியை நம்பி வளர்ந்தது. நம் குடும்பங்களில் எத்தனை அக்கா தங்கைகள் அந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்! எண்ணெய்ப் பணம் அளவுக்கு மீறி உள்நாட்டில் கொட்டினால் முதலில் அடிபடுவது அப்படிப்பட்ட வேலைகள்தான். வெளிநாட்டு முதலீடு அந்தப் பணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் விலை நிலையாக இருப்பதில்லை. 2014 நடுவில் ஒரு பீப்பாய் 110 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்த மாதமே நம் அரசாங்கம் போட்ட பட்ஜெட்டைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. உள்நாட்டுத் தொழில்களும் எண்ணெய் விலையோடு சேர்ந்து ஆடும்போது, சேமிப்பையும் அதே கூடையில் வைப்பது ஆபத்து.

கெட்டுப்போன நிதியங்கள்

பசிபிக் பெருங்கடலில் நவ்ரு என்று ஒரு குட்டித் தீவு நாடு. நிலமே பாஸ்பேட். அதை வெட்டி உரத்துக்கு விற்று, ஒரு காலத்தில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. சேமிப்பு நிதியமும் வைத்திருந்தார்கள். ஆனால் யார் யாரோ சொன்ன இடத்திலெல்லாம் போட்டார்கள். மெல்பர்னில் அடுக்குமாடிக் கட்டடம், ஹோட்டல்கள், லண்டனில் படுதோல்வி அடைந்த ஓர் இசை நாடகம். கடன் கழுத்தை நெரித்தபோது 2004-ல் அந்த மெல்பர்ன் கட்டடத்தையும் விற்றார்கள். மண்ணும் போனது, பணமும் போனது. அதே கடலில் கிரிபாட்டியும் பாஸ்பேட் விற்ற நாடுதான். 1956-ல், பிரிட்டிஷ் ஆட்சியிலேயே, அதற்கென்று ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. 1979-ல் பாஸ்பேட் தீர்ந்தது, நிதியம் இன்றும் இருக்கிறது. அந்த ஏழை நாட்டுக்கு அது ஒரு தூண்.

நம் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2009 பிப்ரவரியில் திரெங்கானு முதலீட்டு வாரியம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் எண்ணெய் வருமானத்தை அடுத்த தலைமுறைக்காக முதலீடு செய்வது நோக்கம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சேமித்த பணத்தில் தொடங்காமல், மத்திய அரசாங்கத்தின் உத்தரவாதத்தோடு 500 கோடி வெள்ளிக் கடன் பத்திரம் வெளியிட்டுத் தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு பெயரை மாற்றியது. புதுப் பெயர் 1எம்டிபி. அதில் இருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டது என்று அமெரிக்க நீதித் துறை சொன்னது. அதன் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சியின் பணம் தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2022 ஆகஸ்டில் அவர் சிறைக்குப் போனார்.

கடனில் தொடங்கியது சேமிப்பு நிதியம் ஆகாது. கடனுக்கு வட்டி உண்டு, வட்டியைக் கட்ட அவசரம் உண்டு, அவசரத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. நிர்வகிப்பவருக்கும் அரசியல் தலைமைக்கும் நடுவே சுவர் இல்லாத இடத்தில் பலமான சட்டமும் காகிதம்தான். குவைத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1976-ல் எதிர்காலத் தலைமுறைகளுக்கென்று ஒரு நிதியத்தைத் தொடங்கி, அரசாங்க வருமானத்தில் ஆண்டுதோறும் 10 விழுக்காட்டை அதில் போடுவது என்று சட்டம் வைத்தார்கள். 1990-ல் ஈராக் படையெடுத்து நாட்டையே பிடித்துக்கொண்டபோது, வெளிநாட்டில் சேர்ந்திருந்த அந்தச் சேமிப்புதான் வெளியேறிய அரசாங்கத்தையும் பிறகு நாட்டின் மறுகட்டுமானத்தையும் தாங்கியது.

'முதல்ல என் பிள்ளை படிக்கணும்ல?'

செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் இருந்த லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் குறுக்கே வந்தார். "ஏன் தம்பி, எண்ணெய் நம்ம நாட்டுல இருந்து வருது. அத நமக்கு மலிவா குடுத்தா என்ன தப்பு? பேரப்பிள்ளைக்குச் சேக்கணும்னா முதல்ல என் பிள்ளை படிக்கணும்ல?"

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதில் அவர் சொன்னது சரி. வளரும் நாட்டில், நல்ல பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வெளிநாட்டுப் பங்குகளைவிடக் கூடுதல் பலன் தரலாம். ஹார்ட்விக் விதிப்படி அதுவும் சொத்தாக மாற்றுவதுதான். தமிழ்ப் பள்ளிக்கு ஒரு புது கட்டடம் எண்ணெய்ப் பணத்தில் வந்தால், அந்தப் பீப்பாய் வீணாகவில்லை. அரசாங்கத்தின் கடனை அடைப்பதும் ஒரு வகைச் சேமிப்புதான்.

முதல் கேள்விக்குத்தான் என் பதில் வேறு. பல ஆண்டுகள் ரோன்95 பெட்ரோல் எல்லாருக்கும் ஒரே மானிய விலையில், லிட்டர் 2.05 வெள்ளிக்கு விற்றது. அதிகம் பெட்ரோல் போடுபவருக்கு அதிக மானியம் போனது. இரண்டு கார் வைத்திருந்தவர் மோட்டார் சைக்கிளில் போகும் கிளீனரைவிடப் பல மடங்கு வாங்கினார். 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 திட்டம் வந்து, மலேசியர்களுக்கு 1.99 வெள்ளி என்றும் மாதத்துக்கு இவ்வளவு லிட்டர்தான் என்றும் ஆனது. இது முன்பைவிட மேல். ஆனாலும் வண்டியில் எரிந்துபோன பெட்ரோல் எந்தப் பிள்ளைக்கும் சொத்தாக நிற்காது. எண்ணெய்ப் பணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவ வேண்டும் என்றால், காசாகவே கையில் கொடுக்கலாம். அமெரிக்க மாநிலமான அலாஸ்கா 1982 முதல் தன் எண்ணெய் நிதியத்தின் ஈவில் ஒரு பங்கை அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்குக் காசோலையாகக் கொடுத்து வருகிறது. அசல் அப்படியே இருக்கிறது. தன் பெயருக்குக் காசோலை வருகிற நிதியத்தைப் பற்றி மக்கள் கேள்வி கேட்காமல் இருக்கவும் மாட்டார்கள்.

அண்ணன் கடைசியில் ஒன்று சொன்னார்: "சேத்து வச்சா எவனாச்சும் தின்னுட்டுப் போயிடுவான். அதுக்கு இப்பவே நமக்கு குடுத்துட்டா தேவல." 1எம்டிபிக்குப் பிறகு இந்த நாட்டில் இதைச் சொல்லாதவர் குறைவு. அந்த அவநம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் சேமிக்காமல் விடுவது ஆகாது. விதியை இறுக்கமாக எழுதி, கணக்கை வெளிச்சத்தில் வைக்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது, எதைக் கேட்கலாம்?

இந்தியாவில் ஒரு வழக்கு நல்ல முன்னுதாரணம். கோவாவின் இரும்புத் தாது விவகாரத்தில் 2014 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், விற்பனைத் தொகையில் 10 விழுக்காட்டை ஒரு நிரந்தர நிதியத்தில் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த தலைமுறைக்கும் அந்தத் தாதுவில் உரிமை உண்டு என்ற கருத்து நீதிமன்றத்தில் நின்றது.

இங்கே சரவாக் முந்திக்கொண்டது. 2022 நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் எதிர்கால நிதியத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது, தொடக்கத் தொகை 800 கோடி வெள்ளி. மலேசிய மாநிலங்களில் இதுதான் முதல். கஸானா நெஷனலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1993-ல் பதிவான அது அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனம். தெனாகா, சிஐஎம்பி போன்ற நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கிறது. எண்ணெய்ப் பணத்தைப் பேரப்பிள்ளைகளுக்காகக் காப்பது அதன் வேலையாக இருந்ததில்லை. அந்த வேலை குவானுடையது.

அக்டோபரில் பட்ஜெட் தாக்கலாகும்போது நாமெல்லாம் உதவித் தொகை எவ்வளவு, வரி எவ்வளவு, இந்திய சமுதாயத்துக்கு ஒதுக்கீடு எவ்வளவு என்று பார்க்கிறோம். அதோடு இன்னொன்றையும் பாருங்கள். நிதி அமைச்சு வெளியிடும் ஆவணங்களில் பெட்ரோலியம் சார்ந்த வருமானம் என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதில் எவ்வளவு குவானுக்குப் போகிறது என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் தேட வேண்டிய நிலை அவருக்கு வரும்.

2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளின் பெட்ரோனாஸ் லாப ஈவைக் கூட்டினால் 12,200 கோடி வெள்ளி. அதில் 10 விழுக்காட்டைக் கட்டாயமாக ஒதுக்கியிருந்தால் 1,220 கோடி. குவான் முப்பது வருஷத்துக்கு மேல் எடுத்துச் சேர்த்ததில் பாதிக்கும் மேலான தொகையை மூன்றே வருஷத்தில் சேர்த்திருக்கலாம். இதற்குப் புது நிதியம் வேண்டாம், அரசியலமைப்பைத் திருத்த வேண்டாம். 1988-ன் சட்டத்தில் கட்டாயப் பங்கு என்று ஒரு பிரிவையும், நாடாளுமன்றத்தில் விவாதிக்காமல் அசலைத் தொடக்கூடாது என்று இன்னொரு பிரிவையும் சேர்க்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.